கழற்றாத கோட்டு

"ஐயா, போன கெழம குடுத்தீங்களே வெள்ளக் களிம்பு, அதுல இன்னுங் கொஞ்சம் குடுங்க."

டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வெளியே பொன்னாயி நின்றாள். நல்ல மழை. தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள். அதன் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் ஜன்னல் பலகையை நனைத்தது. களிம்பு வாங்கக் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

"ஆருக்கு?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்குங்க. முதுகுல புண்ணு."

"ஆள் எங்கை?"

"கவ்வாத்துல நிக்கிறாருங்க."

"தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டக் கை இருக்கு. இஞ்ச வரக் கால் இல்லையோ?"

பொன்னாயி சிரட்டையை நீட்டினாள். வாரத்துக்கு ஒரு தடவையாக அது மூன்றாவது கிழமை. அதே புண், அதே களிம்பு, கண்ணால் காணாத அதே நோயாளி. சுண்டைக்காயளவு களிம்பைச் சிரட்டையில் வழித்துப் போட்டுவிட்டு, அவள் போகும் வரைக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கெண்ணெய் வைத்தியம்

"நீர் வாழ்க்கையில் ஒருவரையாவது நம்பியதுண்டா?" என்று இந்தப் பத்தியைப் படிக்கும் மாத்தளை வாசகர் ஒருவர் போன கிழமை கேட்டு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்வதானால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டிப் பக்கம் மருந்து கலக்கப் பழகி, மலையேறியவன். தோட்டத்து டிஸ்பென்சரின் வேலை பாதி மருந்து கலப்பது, மீதிப் பாதி பொய் பிடிப்பது. ஒருவனுக்கு வருத்தம், காய்ச்சல் என்று நான் சீட்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு ஆள் குறையும். துரைக்கு அது பிடிக்காது. ஆகவே எனக்கும் அது பிடிக்காது.

காய்ச்சல் என்று வருகிறவனுக்கு முதலில் ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுப்பேன். உண்மைக் காய்ச்சல்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பான். பொய்க் காய்ச்சல்காரனுக்கு மணத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும். இதை நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சர்மாருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. எத்தனை பேர் உண்மையான வயிற்று நோவோடு அந்த எண்ணெயைக் குடித்தார்கள் என்பதை நான் கணக்கிலெடுக்கவில்லை.

பொன்னாயி களிம்பை விற்கிறாள் என்பது என் முதல் சந்தேகம். அந்த வெள்ளைக் களிம்பை முகத்தில் பூசினால் நிறம் வரும் என்று லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளின், குமரிகளிடையே ஒரு கதை இருந்தது. இரண்டு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய், வேலை பிரிப்பதற்காக வரிசையில் நின்ற பெண்களின் முகங்களைக் கள்ளத்தனமாகப் பார்த்தேன். ஒருத்தியும் வெளுத்திருக்கவில்லை. பெரிய கங்காணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததுதான் மிச்சம்.

காசிம் நானாவின் சாட்சி

அதற்குப் பிறகு என் கண் வீரையா மீது திரும்பியது.

வீரையாவும் பொன்னாயியும் ஒரு வருஷத்துக்கு முன்தான் வேறொரு தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வீரையா மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டான். ஆனால் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தால் அவனுக்குப் பக்கத்து நிரையில் நிற்கிறவன் மூச்சு வாங்குவான். எந்தத் துரையோ கழித்த கறுத்தக் கோட்டு ஒன்றைக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு எந்நேரமும் மாட்டியிருப்பான். வெயில் எறித்தாலும் கோட்டு, மழை கொட்டினாலும் கோட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆண்களெல்லாம் பீலியில், அதாவது மலைத்தண்ணீர் விழும் குழாயடியில், கோவணத்தோடு நின்று சத்தம் போட்டுக் குளிப்பார்கள். வீரையாவை அங்கே கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. கங்காணியிடம் கேட்டேன். "அவன் கூச்சப்படுற ஆளுங்கய்யா. வேலக்காரன், விட்ருங்க" என்றார். 'விட்ருங்க' என்று ஒருவர் சொன்னால் நான் பிடித்துக்கொள்வேன். அது என் சுபாவம்.

புசல்லாவைக் கடைவீதியில் காசிம் நானா துணிக்கடை வைத்திருந்தார். ஊரில் யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் சாவு என்பது துணி கிழிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் வேட்டி எடுக்கப் போன இடத்தில் மெல்லப் பேச்சைத் திருப்பினேன்.

"அந்தக் கறுத்தக் கோட்டுக்காரரையா கேக்குறீங்க, சேர்? மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ரெண்டு கெஜம் காடாத் துணி. வேற ஒண்டும் எடுக்க மாட்டாரு. இதுல சட்டையும் தைக்கேலாது, சாரமும் உடுக்கேலாதே தம்பின்டு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு. எனக்கென்ன, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

எனக்கும் வெளிச்சமாகிவிட்டது என்று நினைத்தேன். ஆறாத புண். காட்டாத உடம்பு. தனியே குளிப்பு. மாதம் தவறாமல் புண் கட்டத் துணி. பெருவியாதி! குஷ்டமேதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ மூடியிருந்ததெல்லாம் நோய்.

அந்தக் காலத்தில் குஷ்டம் என்று பெயர் விழுந்தால் ஆளைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். பெண்சாதி ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். போனவர் திரும்பி வருவது அருமை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான், ஒரு திங்கட்கிழமை காலை, வியாழக்கிழமை பரிசோதனை செய்ய வரும்படி பெரிய டொக்டருக்குக் கடிதம் எழுதித் தபால்காரன் கையில் கொடுத்தேன். துரைக்கும் ஒரு பிரதி. நோயாளியை ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று எனக்குத் தோன்றவில்லை. டொக்டர் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்வார் என்பதுதான் மனதில் நின்றது.

குஷ்டம் என்று எழுதச் சொன்னவன்

செவ்வாய்க்கிழமை கங்காணி மூலம் ஆளனுப்பி வீரையாவை வரவழைத்தேன். பொன்னாயியும் கூடவே ஓடி வந்துவிட்டாள். அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, அவனை வாங்குப் பலகையில் இருத்தினேன்.

"கோட்டைக் கழட்டு."

"வேணாங்கய்யா."

"முதுகிலை புண் எண்டு மூண்டு கிழமையா மருந்து போகுது. பாக்க வேணும். கழட்டு."

"ஆறிப்போச்சுங்கய்யா."

"ஆறினதைப் பாக்கிறன். கழட்டு!"

அவன் பொத்தான்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். அது குஷ்டம் என்று எனக்குத் தெரியும், டொக்டருக்கு எழுதியாயிற்று, வியாழக்கிழமை அவர் வந்து எல்லோருக்கும் முன்னால் கழற்றச் சொல்வார், இப்போதே எனக்குக் காட்டிவிடுவது மரியாதை என்றேன்.

வீரையா என்னைப் பார்த்தான். பயந்த முகத்தில் திடீரென்று ஒரு நிம்மதி தெரிந்தது.

"குஷ்டமாங்க? சரிங்கய்யா, குஷ்டம்னே எழுதிக்குங்க. எங்க போகணும்னு சொல்லுங்க, நான் போயிர்றேன். கோட்ட மட்டும் கழட்டச் சொல்லாதீங்க."

குஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள் என்று காலில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதச் சொல்லிக் கேட்டவன் இவன் ஒருவன்தான். எதை மறைக்க ஒரு மனிதன் குஷ்டத்தைப் போர்த்திக்கொள்வான்?

வாசலில் நின்ற பொன்னாயி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "காட்டிருங்க" என்றாள் அவனிடம். "நீங்க அங்க போயிட்டா நான் என்னா செய்ய? காட்டிருங்க."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கோட்டையும் சட்டையையும் முதுகுப் பக்கம் தூக்கினான். அக்குளிலிருந்து விலா எலும்பு முடியும் வரைக்கும் காடாத் துணி வரிந்து வரிந்து சுற்றியிருந்தது. மழையில் நனைந்து, வேர்வையில் ஊறி, விளிம்பு பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பழக்கதோஷத்தில் துணியின் முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தேன். பொன்னாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கிற கை. இரும்பு மாதிரி இருந்தது.

"அதத் தொடாதீங்கய்யா. உள்ளுக்க வியாதி ஒண்ணுமில்ல." குரலை இறக்கினாள். "இவரு ஆம்பளதாங்க. ஆண்டவன் ஒடம்ப மாத்திக் குடுத்துட்டான், அம்புட்டுத்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"திரும்பாதை. அப்பிடியே நில்லு" என்றேன். ஊசியை எடுத்து, உரிந்த தோலுக்குப் பக்கத்தில் மெல்லக் குத்தினேன். "ஆ!" என்று துள்ளினான். குஷ்டம் பிடித்த தோல் அப்படித் துள்ளாது. புண்களைத் துடைத்து, என் கையாலேயே களிம்பு பூசினேன். இரண்டு துணியாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டு, கொதித்த தண்ணீரில் அவித்து உலர்த்து, லயத்து அறையில், காம்பராவுக்குள், இருக்கிற நேரமாவது அவிழ்த்து விடு என்றேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"வெவரம் தெரிஞ்ச நாள்லருந்துங்க" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

வீரையாவை 'அவன்' என்றே எழுதுகிறேன். தோட்டப் பதிவில் ஆண் பெயர், பெரட்டில் ஆண்கள் வரிசை, கையில் கவ்வாத்துக் கத்தி. அவன் தன்னை அப்படித்தான் அறிந்திருந்தான். அதற்கு மேல் என் அபிப்பிராயம் யாருக்கு வேண்டும்? பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

விறாந்தைக் கட்டில்

இந்த இடத்தில் இன்னும் பழைய கதை ஒன்று. இருபதுகளில் நான் மருந்து பழகிய ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பொலிஸார் கொண்டுவந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சேலை உடுத்து, கொண்டை முடித்து, காதில் தோடு போட்டவர். கண்டிக் கடைவீதியில் யாரோ அடித்து மண்டை உடைந்திருந்தது. காயத்துக்குத் தையல் போட ஐந்து நிமிஷம் சென்றது. கட்டில் தேட அரை நாள் சென்றது.

ஆண்கள் வார்டில் சிரித்து விரட்டினார்கள். பெண்கள் வார்டில் அலறி விரட்டினார்கள். கடைசியில் கட்டிலை விறாந்தையில் போட்டார்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கம். எங்கள் ஆசிரியர் எங்களையெல்லாம் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, போர்வையை விலக்கிப் பாடம் நடத்தினார். பாடம் முடிந்ததும் சீட்டில் 'புத்திக் கோளாறு' என்று எழுதினார். வேறு சொல் எங்கள் புத்தகத்தில் இருக்கவில்லை. இப்போது மேல்நாட்டில் இதற்கெல்லாம் பெயரும் வைத்தியமும் இருப்பதாகப் பத்திரிகையில் படிக்கிறேன். அன்றைக்கு எங்களிடம் இருந்தது தையல் ஊசியும் சிரிப்பும்தான். நானும் சிரித்தேன். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் பைத்திய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள்.

வியாழக்கிழமை டொக்டர் வந்து கோட்டைக் கழற்றினால், வீரையாவுக்கும் ஒரு விறாந்தைக் கட்டில் நிச்சயம். பிறகு அதே சீட்டு, அதே வண்டி. துரை பதிவைத் திருத்துவார். அவனைப் பெரட்டில் பெண்கள் வரிசையில் நிறுத்துவார்கள். எல்லாம் என் கடிதத்தால்.

மோதிரமில்லாத கை

வியாழக்கிழமை டொக்டரின் கார் வந்து நின்றது. துரை பக்கத்தில், கங்காணி வாசலில். நான் முந்திக்கொண்டேன்.

"சேர், மன்னிக்க வேணும். நான் பிழையா எழுதிப்போட்டன். செவ்வாய்க்கிழமை வடிவாச் சோதிச்சனான். குஷ்டமில்லை, படர்தாமரை."

"படர்தாமரையோ?" டொக்டரின் முகம் சிவந்தது. "இந்த மழைக்குள்ளை கண்டியிலையிருந்து நான் வந்தது உம்மடை படர்தாமரை பாக்கவோ? ஊசி குத்திப் பாத்தனீரோ?"

"ஓம் சேர். உணர்ச்சி நல்லா இருக்கு."

"வந்ததுக்கு ஒருக்காப் பாத்திட்டுப் போறன். ஆளைக் கூப்பிடும்."

"மேல்மலையிலை கவ்வாத்து, சேர். ஆள் இறங்கி வர ரெண்டு மணித்தியாலம் செல்லும். இல்லையெண்டால் நாங்கள் ஏறிப் போகலாம். அட்டைக்கடிதான் கொஞ்சம் கூட."

டொக்டர் குனிந்து தம் வெள்ளைக் காற்சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு கால் மணித்தியாலம் அவர் ஏசிய ஏச்சு என் பரம்பரைக்கே போதும். டிஸ்பென்சரிப் புத்தகத்திலும் சிவப்பு மையால் எழுதினார். துரைக்கு இங்கிலீஷில் வேறு விளக்கினார். கங்காணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குட்டுப் பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். டொக்டர் கையில் மோதிரமும் இல்லை.

இருந்தாலும் கார் போன பிறகு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்ச்சிதான் பிறகு காலை வாரியது.

ஒரு கட்டிக் கற்பூரம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தேன். வீரையா வாங்கில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டான்.

"ஐயா, எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"அதான், எதுக்காக? ஒங்களுக்கு என்னா வேணும்?"

எனக்குச் சுருக்கென்றது. உலகம் முழுவதையும் சந்தேகித்தவன் நான். என்னை ஒருவன் சந்தேகிப்பான் என்று எண்ணியதே இல்லை. பொன்னாயி பேச்சை வாங்கிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. முன்ன இருந்த தோட்டத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சு போச்சுங்க. அவரும் மொதல்ல நல்ல வார்த்ததான் சொன்னாரு. பொறவு நான் தனியா இருக்கிற நேரம் பாத்துக் காம்பராவுக்கு வர ஆரம்பிச்சாரு. வாயத் தொறந்தா வெளிய சொல்லிருவேன்னாரு. அதுக்கு முந்துன எடத்துலயும் அப்புடித்தாங்க." சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கட்டிக் கற்பூரம். "மாரியம்மன் முன்னுக்கு இத அணச்சு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்களுக்கு அது போதும்."

தோட்டத்தில் அதுதான் நீதிமன்றம், அதுதான் நீதவான். களவென்றாலும் கோள் என்றாலும், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவனை ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கங்காணிகூட அணைத்திருக்கிறார். எனக்கு அது தெரியும்.

தெரிந்தும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்காகத்தானே அந்த மனுசனிட்டை நாய் ஏச்சு வாங்கினன்! என்ர வாய்ச்சொல் காணாதோ? லயத்து ஆக்களுக்கு முன்னாலை நான் கற்பூரம் அணைக்கிறதோ? போ, போ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவ்வளவுதான்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். துரை கேட்டிருந்தால் பைபிளில்கூடக் கை வைத்திருப்பேன். கேட்டது ஒரு கொழுந்துக்காரி. யாழ்ப்பாணத்துக் கொழுப்பு என் கையை மடக்கிக்கொண்டது.

வீரையா வாதாடவில்லை. "சரிங்கய்யா" என்றான். பொன்னாயி கற்பூரத்தை மறுபடியும் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை "வீரையா!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பெண்கள் வரிசையில் "பொன்னாயி!" என்றார். அங்கும் இல்லை. காம்பராவில் அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்தது. விலகல் சீட்டு வாங்காமல் போயிருந்தார்கள். அது இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அதுவும் தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் இருக்கிற ஆட்களையே கழித்துக்கொண்டிருந்த காலம். அது தெரியாதவர்கள் இல்லை அவர்கள். தெரிந்தே, என்னைவிட அந்த றோட்டு மேல் என்று போயிருக்கிறார்கள்.

"சண்ட சச்சரவு ஒண்ணுமில்லயே" என்று கங்காணி தலையைச் சொறிந்தார். "ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமாங்கய்யா?"

"தெரியாது" என்றேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காகக் கண்டிக் கடைவீதியிலும் பிலிமத்தலாவை றோட்டிலும் கறுத்தக் கோட்டுக்காரன் எவனைக் கண்டாலும் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அவனில்லை.

அவர்கள் போய்விட்டது தெரிந்த அன்று பின்னேரமே வீட்டுச் சாமித்தட்டிலிருந்து கற்பூரம் எடுத்துக்கொண்டு தனியே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரிகூட அங்கே இல்லை. கல்லில் வைத்துக் கொளுத்தி, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தமாகவே சொல்லி, உள்ளங்கையால் அணைத்தேன். கொஞ்சம் சுட்டது. அரை நிமிஷ வேலை. அணைக்கச் சொன்னவர்கள் இரண்டு பேரும் அந்நேரம் எந்த றோட்டில் நடந்துகொண்டிருந்தார்களோ.